சி. கே. நாயுடு

கொட்டாரி கனகையா நாயுடு (அக்டோபர் 31, 1895 – நவம்பர் 14, 1967) இந்தியத் துடுப்பாட்ட (கிரிக்கெட்) வீரர். இந்திய அணியின் முதலாவது டெஸ்ட் தலைவர். சி. கே. என்னும் இரண்டெழுத்தாலேயே நாடெங்கும் அறியப்பட்டவர். வலக்கை மட்டையாளர், மிதவேகப் பந்துவீச்சாளர், தடுப்பாட்டத்திலும் தேர்ந்தவர் ஆதலால் சகலதுறை ஆட்டக்காரராகக் கருதப்படுகிறார். 1932 ஆம் ஆண்டு இலண்டன் இலார்ட்சு திடலில் இந்தியா ஆடிய முதல் டெஸ்ட் போட்டியில் அணிக்குத் தலைமை தாங்கினார். 1916 இல் தொடங்கிய இவரது முதல்தர ஆட்ட வாழ்வு 1963-64 பருவம் வரை நீடித்தது.

ஏழு டெஸ்ட் போட்டிகளில் 350 ஓட்டங்களும் 9 விக்கெட்டுகளும் மட்டுமே இவர் கணக்கில் உள்ளன. இவ்வெண்களை மட்டும் பார்ப்பவருக்கு இவரது புகழின் காரணம் விளங்காது. இந்தியா டெஸ்ட் தகுதி பெற்றபோது இவருக்கு வயது 36. பெரும்பாலான வீரர்கள் ஓய்வைப் பற்றி எண்ணத் தொடங்கும் வயதில்தான் இவரது டெஸ்ட் வாழ்வு தொடங்கியது. அதுவும் நான்காண்டுகளில் முடிந்தது.

குடும்பமும் இளமையும்

நாயுடுவின் முன்னோர் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மச்சிலிப்பட்டினத்துத் தெலுங்குக் குடும்பத்தினர். பாட்டனார் நாராயணசாமி நாயுடு நாக்பூரில் குடியேறி வழக்கறிஞராகவும் நிலக்கிழாராகவும் விளங்கினார். காங்கிரசின் தொடக்க காலத்தில் அவ்வியக்கத்தில் பங்கு கொண்டவர். தந்தை சூரியபிரகாச ராவ் இங்கிலாந்தில் கேம்பிரிட்ச்சில் பயின்றவர். அங்கே இரஞ்சித்சிங்ஜியை அறிந்திருந்தார். வீட்டில் துடுப்பாட்டத்தின் மீது இருந்த மதிப்புக்கு இத்தொடர்பும் ஒரு காரணம்.

நாக்பூரில் பிறந்து அங்கேயே பள்ளிக் கல்வி கற்ற கனகையா, பள்ளி அணியிலும் உள்ளூர்க் கழகத்திலும் ஆடிப் பழகினார். ஆறடி உயரம், நீண்ட கைகள், நிமிர்ந்த நடை. இளமை முதலே பந்தை உயரத் தூக்கி அடிப்பதில் இவருக்கு அச்சம் இருந்ததில்லை. தூக்கி அடிப்பது பயிற்சியற்றவர் செயல் என்று கருதப்பட்ட காலம் அது.

1916 இல் பம்பாய் நாற்சமயப் போட்டியில் ஐரோப்பியர் அணிக்கு எதிராக இந்துக்கள் அணியில் முதன்முறையாக ஆடினார். ஏழு விக்கெட்டுகள் விழுந்த நிலையில் களமிறங்கிய இவர், முதல் மூன்று பந்துகளைத் தடுத்துவிட்டு நான்காவது பந்தைச் சிக்ஸராக அடித்தார் என்பது துடுப்பாட்ட வரலாற்றில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பந்துவீசியவர் பிராங்க் தாரன்ட் என்னும் புகழ்பெற்ற ஆத்திரேலியர்.

இந்துக்கள், முசுலிம்கள், பார்சிகள், ஐரோப்பியர் என்று சமய அடிப்படையில் அணி பிரிப்பது இன்று வியப்பாகத் தோன்றலாம். ஆனால் இந்தியாவில் உயர்தர ஆட்டம் வளர்ந்த களம் அதுவே. தீண்டாமைக் கொடுமையை மீறி எழுந்த பல்வங்கர் பாலூ, விட்டல் முதலிய சகோதரர்களும் இதே இந்துக்கள் அணியில்தான் ஆடினர். 1937 இல் ஐந்தாவது அணி சேர்ந்து ஐஞ்சமயப் போட்டியாக மாறிய இது, காந்தியடிகளின் எதிர்ப்பையும் சந்தித்து, 1946 உடன் நிறுத்தப்பட்டது.

இந்தூர் வாழ்க்கை

1923 இல் இந்தூர் அரசர் துக்கோஜி ராவ் ஓல்கர் நாயுடுவைத் தம் சமஸ்தானத்துக்கு வரவழைத்துப் படையில் அதிகாரியாக நியமித்தார். பின்னர் கர்னல் நிலைக்கு உயர்ந்தார். கர்னல் நாயுடு என்று மக்கள் அழைத்தது இதனாலேயே. அக்காலத்தில் ஆட்டத்தை மட்டும் நம்பி ஒருவர் வாழ்வு நடத்த இயலாது. அரசர்கள் வீரர்களுக்குப் படையிலோ அரண்மனையிலோ பதவி அளித்துத் தம் அணியில் வைத்துக்கொள்வது வழக்கம். ஆடத் தெரிந்தவனுக்குச் சோறு போட்டவர்கள் அரசர்கள். அதனாலேயே அணியின் தலைமை தமக்கே உரியது என்றும் அவர்கள் எண்ணினர். நாயுடுவின் வாழ்வில் பின்னர் நேர்ந்த சிக்கல்கள் பலவற்றுக்கு வேர் இங்கேதான் உள்ளது.

1926 பம்பாய் ஆட்டம்

ஆர்தர் கில்லிகன் தலைமையில் எம். சி. சி. அணி 1926-27 பருவத்தில் இந்தியா வந்தது. பம்பாய் ஜிம்கானா திடலில் இந்துக்கள் அணிக்கு எதிரான ஆட்டத்தில் எம். சி. சி. 363 ஓட்டங்கள் எடுத்தது. அந்த அணியின் கை ஏர்ல் எட்டு சிக்ஸர்களுடன் 130 ஓட்டங்கள் குவித்திருந்தார். மறுநாள், 1926 டிசம்பர் 1 ஆம் நாள், நாயுடு களமிறங்கினார்.

116 நிமிடங்களில் 153 ஓட்டங்கள். அவற்றில் 13 நான்குகள், 11 சிக்ஸர்கள். ஒரே இன்னிங்சில் பதினொரு சிக்ஸர்கள் என்பது அன்று முதல்தர ஆட்டத்தில் எவரும் எட்டாத அளவு. ஒரு பந்து ஜிம்கானாக் கட்டிடத்தின் கூரையில் போய் விழுந்தது. செய்தி நகரில் பரவப் பரவ அலுவலகங்களை விட்டு மக்கள் திடலை நோக்கி ஓடினர் என்றும், மரங்களிலும் மாடிகளிலும் ஏறி நின்று பார்த்தனர் என்றும் கூறப்படுகிறது. எம். சி. சி. அணியினர் இவருக்கு வெள்ளி மட்டை ஒன்றைப் பரிசளித்தனர்.

இவ்வாட்டத்தின் விளைவு ஒரு நாளோடு நிற்கவில்லை. இந்தியர் டெஸ்ட் போட்டி ஆடத் தகுதியானவர்களே என்ற எண்ணம் கில்லிகனுக்கு உறுதிப்பட்டது. இந்தியாவுக்கென ஒரு மைய அமைப்பு வேண்டும் என்று அவர் தூண்ட, 1928 டிசம்பரில் இந்தியத் துடுப்பாட்டக் கட்டுப்பாட்டு வாரியம் தோன்றியது. ஒரு மனிதரின் இரண்டு மணி நேர ஆட்டத்தால்தான் வாரியம் பிறந்தது என்று சொல்வது மிகை. எனினும் அந்த இரண்டு மணி நேரம் இல்லாதிருந்தால் அது இன்னும் சில ஆண்டுகள் தள்ளிப்போயிருக்கும் என்று கருத இடமுண்டு.

இலார்ட்சு, 1932

1932 இல் இந்திய அணி இங்கிலாந்து செல்ல ஏற்பாடாயிற்று. தலைவராகப் போர்பந்தர் மகாராசாவும், துணைத் தலைவராக அவருடைய மைத்துனர் லிம்டி கன்சியாம்சிங்ஜியும் அமர்த்தப்பட்டனர். ஆட்டத் திறனால் அணியில் முதலிடம் நாயுடுவுக்கே உரியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அரசர் அல்லாத ஒருவர் அரசகுலத்தவருக்குத் தலைமை தாங்குவது அன்று எண்ணிப் பார்க்க முடியாத ஒன்று. நெசவுத் தொழிலாளியின் மகனான சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் 2021 இல் பிரிசுபேனில் டெஸ்ட் ஆடியதைப் பார்த்த தலைமுறைக்கு இதை விளக்குவது சற்றுக் கடினமே.

போர்பந்தர் மகாராசா தம் ஆட்டத்தின் எல்லையை அறிந்தவர். சில ஆட்டங்களில் ஓரிரு ஓட்டங்களுக்கு மேல் எடுக்க இயலாததால் டெஸ்டிலிருந்து தாமே விலகிக்கொண்டார். இப்பெருந்தன்மைக்காக அவரைப் பாராட்டவே வேண்டும். அவருக்குப் பின் வந்த சிலரிடம் இது காணப்படவில்லை. லிம்டி காயமுற்றிருந்தார். எனவே டெஸ்ட் தலைமை நாயுடுவிடம் வந்து சேர்ந்தது.

வந்ததும் எதிர்ப்பு எழுந்தது. நாயுடு கண்டிப்பானவர், சிரித்துப் பழகாதவர், ஒழுங்கு தவறியவரைப் பொறுக்காதவர். இவருக்குக் கீழ் ஆட மாட்டோம் என்று வீரர்கள் சிலர் டெஸ்டுக்கு முந்தைய இரவில் கிளர்ந்தனர் என்றும், மகாராசாவின் கண்டிப்பான கட்டளை வந்த பிறகே பணிந்தனர் என்றும் இச்சுற்றுப்பயணத்தைப் பற்றி எழுதியோர் குறிப்பிடுகின்றனர். தன் நாட்டின் முதல் டெஸ்டில் தலைவராகத் திடலில் இறங்கியவர், தம் அணியிலேயே சிலருடைய மனக்கசப்பைச் சுமந்துகொண்டுதான் இறங்கினார்.

போட்டி ஜூன் 25 ஆம் நாள் தொடங்கியது. இங்கிலாந்து முதலில் ஆடியது. முகமது நிசாரின் வேகத்தில் சட்கிளிப்பும் ஓம்சும் விரைவில் வீழ்ந்தனர். மலாயாவிலிருந்து வந்த லால்சிங்கின் தடுப்பாட்டத்தால் பிராங்க் வூலி ஓட்டத்தில் ஆட்டமிழந்தார். 19 ஓட்டங்களுக்கு மூன்று விக்கெட்டுகள்! இலார்ட்சு திடலில் கூடியிருந்தோர் நம்ப மறுத்த காட்சி அது. இங்கிலாந்துத் தலைவர் டக்ளஸ் ஜார்டின் நின்று ஆடி 79 ஓட்டங்கள் சேர்த்து அணியை மீட்டார். அவரை வீழ்த்தியவர் நாயுடுவே. எட்டி பெயின்டரும் இவர் பந்திலேயே ஆட்டமிழந்தார். இங்கிலாந்து 259 ஓட்டங்களில் சுருண்டது. நிசார் ஐந்து விக்கெட்டுகள் வீழ்த்தினார்.

தடுப்பாட்டத்தின்போது நாயுடுவின் கையில் பலத்த அடிபட்டது. அந்தக் கையுடனேயே மட்டை பிடித்து 40 ஓட்டங்கள் எடுத்தார்; அந்த இன்னிங்சில் இந்தியரின் மிகக் கூடிய எண்ணிக்கை அதுவே. இந்தியா 189. இரண்டாம் இன்னிங்சில் ஜார்டின் மீண்டும் 85 ஓட்டங்கள் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். இங்கிலாந்து 8 விக்கெட்டுக்கு 275 என்ற நிலையில் ஆட்டத்தை முடித்துக்கொண்டது. இந்தியா 187 ஓட்டங்களில் ஆட்டமிழந்து 158 ஓட்டங்களால் தோற்றது. பின்வரிசையில் வந்த அமர்சிங் 51 எடுத்தார். இந்தியர் ஒருவர் டெஸ்டில் எடுத்த முதல் அரைச்சதம் அது.

அப்பருவத்தில் முதல்தர ஆட்டங்களில் நாயுடு 1,618 ஓட்டங்களும் 65 விக்கெட்டுகளும் பெற்றார். அணியில் வேறெவரும் ஓட்டங்களில் இவரை நெருங்கவில்லை. எம். சி. சி.க்கு எதிராக இலார்ட்சில் ஆட்டமிழக்காமல் 118. வார்விக்சயருக்கு எதிராகப் பர்மிங்காம் எட்ஜ்பாஸ்டனில் 162. பிந்தைய ஆட்டத்தில் இவர் அடித்த ஒரு சிக்ஸர் திடலை அடுத்து ஓடும் ரே ஆற்றைத் தாண்டி விழுந்தது. அன்று அந்த ஆறு வார்விக்சயர், வூஸ்டர்சயர் மாவட்டங்களின் எல்லை. ஆகவே ஒரு மாவட்டத்தில் அடித்த பந்து அடுத்த மாவட்டத்தில் விழுந்தது என்று வேடிக்கையாகச் சொல்வர். விஸ்டன் ஆண்டுமலர் 1933 ஆம் ஆண்டின் ஐந்து சிறந்த வீரர்களுள் ஒருவராக இவரைத் தெரிவு செய்தது. இதற்கு முன் அச்சிறப்பைப் பெற்ற இரஞ்சித்சிங்ஜி, துலீப்சிங்ஜி, பட்டோடி நவாப் ஆகிய மூவரும் இங்கிலாந்தின் அணிகளில் ஆடிப் பெற்றனர். இந்திய அணியின் வீரராக இதைப் பெற்ற முதல்வர் நாயுடு.

சேப்பாக்கமும் நாயுடுவும்

சென்னை இரசிகர்களுக்கு நாயுடு 1920களிலேயே அறிமுகமானவர். பொங்கலை ஒட்டிச் சேப்பாக்கத்தில் ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் இடையே நடைபெற்ற மாகாணப் போட்டியில் இந்தியர் அணிக்காக இவர் ஆடியுள்ளார். 1920-21 ஆட்டத்தில் திடலின் எல்லையைக் கடந்து வெளியே போய் விழுந்த இவரது சிக்ஸரைப் பற்றிய பேச்சு திருவல்லிக்கேணிப் பக்கம் நெடுங்காலம் இருந்தது.

1933-34 இல் ஜார்டின் தலைமையில் இங்கிலாந்து அணி வந்தபோது மூன்று டெஸ்டுகளுக்கும் நாயுடுவே தலைவர். இந்திய மண்ணில் நடந்த முதல் டெஸ்ட் பம்பாய் ஜிம்கானாவில் டிசம்பர் 15 ஆம் நாள் தொடங்கியது. இரண்டாம் இன்னிங்சில் இளைஞர் லாலா அமர்நாத்துடன் சேர்ந்து நாயுடு 186 ஓட்டங்கள் குவித்தார். நாயுடு 67; அமர்நாத் 118. இந்தியர் ஒருவரின் முதல் டெஸ்ட் சதம் அதுவே. ஆயினும் இந்தியா ஒன்பது விக்கெட்டுகளால் தோற்றது.

கல்கத்தாவில் 1934 ஜனவரியில் நடந்த இரண்டாம் டெஸ்ட் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. தலையில் பந்தடி பட்டுக் கட்டுடன் திரும்பி வந்த திலாவர் உசேன் இரு இன்னிங்சிலும் அரைச்சதம் அடித்த போட்டி இது. நாயுடுவின் இளவல் சி. எஸ். நாயுடுவுக்கும், செங்கற்பட்டு மாவட்டம் மொரப்பாக்கத்தில் பிறந்த எம். ஜே. கோபாலனுக்கும் இதுவே முதல் டெஸ்ட். கோபாலனுக்கு இதுவே கடைசி டெஸ்டாகவும் அமைந்தது. துடுப்பாட்டத்தோடு வளைகோற் பந்தாட்டத்திலும் இந்தியாவுக்காக ஆடிய அவருக்கு, தம் சொந்தத் திடலான சேப்பாக்கத்தில் ஒரு டெஸ்ட் ஆடும் வாய்ப்புக் கிட்டவில்லை என்பது சென்னைக்காரர்களுக்கு ஒரு குறையாகவே இருந்தது.

சென்னையின் முதல் டெஸ்ட் 1934 பெப்ரவரி 10 ஆம் நாள் தொடங்கியது. அமர்சிங் 86 ஓட்டங்களுக்கு ஏழு விக்கெட்டுகளைச் சாய்த்தும் இங்கிலாந்து 335 எடுத்தது. இங்கிலாந்தின் வேகப் பந்துவீச்சில் அடிபட்ட தொடக்க மட்டையாளர் நவுமல் ஜவுமல் களத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. இரண்டாம் இன்னிங்சில் அவரால் ஆட இயலவில்லை. எட்லி வெரிட்டி 49 ஓட்டங்களுக்கு ஏழு விக்கெட்டுகள் வீழ்த்த, இந்தியா 145 இல் அடங்கியது. இரண்டாம் இன்னிங்சில் பட்டியாலா இளவரசர் 60 ஓட்டங்கள் எடுத்தும் 249 ஐத் தாண்ட முடியவில்லை. 202 ஓட்டங்களால் தோல்வி. நாயுடு இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய கடைசி டெஸ்ட் இதுவே. நான்கு டெஸ்டுகளில் மூன்று தோல்வி, ஒன்று முடிவின்றி. அன்றைய இங்கிலாந்தின் வலிமையையும், டெஸ்டுக்கே புதியதான இந்திய அணியின் அனுபவமின்மையையும் நினைத்துப் பார்த்தே இக்கணக்கை மதிப்பிட வேண்டும்.

1936: பறிபோன தலைமை

விஜயநகரத்து மகாராஜகுமாரர், சுருக்கமாக விஜ்ஜி, செல்வமும் செல்வாக்கும் மிக்கவர். 1930-31 இல் எம். சி. சி. பயணம் சட்டமறுப்பு இயக்கத்தின் காரணமாகக் கைவிடப்பட்டபோது, ஆப்சு, சட்கிளிப் ஆகியோரைத் தம் செலவில் வரவழைத்து அணி நடத்தியவர். ஆட்டத்துக்கு அவர் செய்த பொருளுதவியை மறுக்க இயலாது. ஆனால் டெஸ்ட் ஆடும் திறன் அவரிடம் இல்லை. 1936 இங்கிலாந்துப் பயணத்துக்கு வாரியம் அவரையே தலைவராக்கியது. 40 வயதை எட்டியிருந்த நாயுடு, அவர் கீழ் ஆடும் வீரர்களுள் ஒருவரானார்.

அப்பயணம் இந்தியத் துடுப்பாட்ட வரலாற்றின் கசப்பான அத்தியாயங்களுள் ஒன்று. நாயுடு ஆதரவாளர், எதிர்ப்பாளர் என்று அணி இரண்டாகப் பிளந்தது. தலைவரைப் புகழ்ந்தவருக்கு இடம். நாயுடுவோடு பேசியவருக்கு ஐயப்பார்வை. அருமையாக ஆடிக்கொண்டிருந்த லாலா அமர்நாத் ஒழுக்கக் குற்றச்சாட்டின்பேரில் முதல் டெஸ்டுக்கு முன்பே தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். பாக்கா ஜிலானி என்பவர் காலை உணவு மேசையில் நாயுடுவை எல்லார் முன்னும் அவமதித்ததற்குக் கைம்மாறாகவே ஓவல் டெஸ்டில் இடம் பெற்றார் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, அப்படியொரு கதை நம்பப்படும் அளவுக்கு அணியின் நிலை இருந்தது.

இதே பயணத்தில் சென்னையைச் சேர்ந்த கோட்டா இராமசாமி 40 வயதில் முதல் டெஸ்ட் ஆடினார். 1922 இல் டேவிஸ் கோப்பைக்காக டென்னிசு ஆடியவர் அவர். மான்செஸ்டரில் 40, 60. ஓவலில் 29, ஆட்டமிழக்காமல் 41 என்று குறைவின்றி ஓட்டங்கள் எடுத்தார். கோபாலனும் இதே அணியில் இருந்தார். பெர்லின் ஒலிம்பிக்கில் வளைகோற் பந்தாடும் வாய்ப்பை விட்டுவிட்டு இங்கிலாந்துக்கு வந்த அவருக்கு ஒரு டெஸ்டிலும் இடம் தரப்படவில்லை. தியான்சந்த் அணி அவ்வாண்டு ஆகஸ்ட் 15 ஆம் நாள் செருமனியை 8-1 என்று வென்று தங்கம் பெற்றது. விஜ்ஜி மூன்று டெஸ்டுகளிலும் ஆடினார்.

ஓவலில் நடந்த மூன்றாவது டெஸ்ட் நாயுடுவுக்குக் கடைசி. கப்பி ஆலனின் வேகப்பந்து உடலில் தாக்கியும் விலகாமல் நின்று 81 ஓட்டங்கள் எடுத்தார். டெஸ்டில் இவரது மிகக் கூடிய எண்ணிக்கை இதுவே. அந்த இன்னிங்சில் ஆலன் 80 ஓட்டங்களுக்கு ஏழு விக்கெட்டுகள் வீழ்த்தினார். இந்தியா இத்தொடரை 0-2 என்று இழந்தது.

பயணத்தின்போது நடந்தவற்றை ஆராயப் பம்பாய்த் தலைமை நீதிபதி சர் ஜான் பியூமண்ட் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. 1937 இல் வெளிவந்த அதன் அறிக்கை விஜ்ஜியின் தலைமையைக் கடுமையாகக் குறைகூறியது. அமர்நாத்தைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அதே அறிக்கை நாயுடுவையும் விட்டுவிடவில்லை. அணியோடு ஒட்டாமல் ஒதுங்கியே இருந்தார், தலைவருக்கு உரிய துணை செய்யவில்லை என்று சுட்டியது. நாயுடுவின் புகழைப் பாடுவோர் இப்பகுதியைப் பெரும்பாலும் தவிர்த்துவிடுவர். இளைய வீரர்கள் பலர் இவரிடம் மதிப்பை விட அச்சத்தையே மிகுதியாகக் கொண்டிருந்தனர் என்பதும் உண்மை. எனினும் தமக்குரிய இடத்தில் தகுதியற்றவர் அமர்ந்திருக்க, அவர் கீழ் முகமலர்ந்து ஆடுவது எத்தனை பேருக்கு இயலும் என்பதையும் எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும்.

ஓல்கர் அணி

டெஸ்ட் வாழ்வு முடிந்த இடத்தில் நாயுடுவின் ஆட்டம் முடியவில்லை. இரண்டாம் உலகப்போரின் காரணமாக இங்கிலாந்தில் மாவட்டப் போட்டிகள் நின்றுபோயின. இந்தியாவில் ரஞ்சிக் கோப்பை தொடர்ந்து நடைபெற்றது. 1938 முதல் 1946 வரை வாரியத்தின் தலைவராக இருந்தவர், இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் திருச்செங்கோட்டை அடுத்துள்ள குமாரமங்கலத்தின் ஜமீன்தாரும் சென்னை மாகாணத்தின் முன்னாள் முதலமைச்சருமான டாக்டர் ப. சுப்பராயன். போர்க்கால நெருக்கடியிலும் உள்நாட்டு ஆட்டம் அற்றுப்போகாமல் இருந்தது நாயுடுவைப் போன்ற மூத்தோருக்கும், அவர்களிடம் கற்ற இளையோருக்கும் வாய்ப்பாக அமைந்தது.

மத்திய இந்திய அணிக்கு ஆடிவந்த நாயுடு, 1941-42 முதல் ஓல்கர் அணிக்குத் தலைமை ஏற்றார். முஷ்டாக் அலி, சந்து சர்வதே, நிம்பால்கர், சகதாளே, சி. எஸ். நாயுடு என்று சிறந்த வீரர்கள் அவ்வணியில் திரண்டனர். படைப்பிரிவை நடத்துவது போலவே இவர் அணியை நடத்தினார். காலையில் பயிற்சிக்குப் பிந்தி வருவது, தடுப்பாட்டத்தில் சோர்வது, அடிபட்டதற்கு முகம் சுளிப்பது ஆகிய மூன்றும் இவரிடம் மன்னிப்பற்ற குற்றங்கள்.

1945-46, 1947-48, 1950-51, 1952-53 ஆகிய நான்கு பருவங்களில் ஓல்கர் அணி ரஞ்சிக் கோப்பையை வென்றது. முதல் வெற்றி பரோடாவை வீழ்த்திப் பெற்றது. அந்த இறுதி ஆட்டத்தில் ஐம்பது வயது நாயுடு 200 ஓட்டங்கள் எடுத்தார்! முதல்தர ஆட்டத்தில் இவரது மிகக் கூடிய எண்ணிக்கை இதுவே. 1944-45 இறுதியில் பம்பாயிடம் தோற்றபோது, போர்ப்பணி நிமித்தம் இந்தியாவில் இருந்த இங்கிலாந்து வீரர் டெனிசு காம்ப்டன் ஓல்கருக்காக ஆட்டமிழக்காமல் 249 எடுத்ததும் குறிப்பிடத்தக்கது.

1951-52 இறுதியில் பம்பாய்க்கு எதிராக ஆடும்போது தத்து பட்கரின் எகிறுபந்து முகத்தில் பட்டு நாயுடுவின் பற்கள் உடைந்தன. களத்தில் சிந்திய பல்துண்டுகளை மட்டையால் ஒதுக்கித் தள்ளிவிட்டு, சிகிச்சையை மறுத்து, வேகத்தைக் குறைக்க வேண்டாம் என்று பந்துவீச்சாளருக்குச் சொல்லி ஆட்டத்தைத் தொடர்ந்தார் என்பர். அப்போது வயது 56.

இவர் வளர்த்த ஓல்கர் அணியின் கடைசி ரஞ்சி ஆட்டத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டு. 1954-55 இறுதியில் இந்தூரிலேயே ஓல்கரை 46 ஓட்டங்களால் தோற்கடித்துத்தான் பாலு அழகனன் தலைமையிலான சென்னை அணி முதன்முறையாக ரஞ்சிக் கோப்பையைப் பெற்றது. அவ்வெற்றியில் கிருபால் சிங்கின் பங்கு பெரிது. நாயுடு அதற்கு முன்பே ஓல்கரை விட்டு நீங்கியிருந்தார்.

பிற்காலம்

ஓல்கரிலிருந்து நீங்கிய பின், புதிதாக அமைந்த ஆந்திர அணிக்காக 1953-54 இல் ஆடினார். முன்னோரின் நாட்டுக்குச் செய்த கடனாக இதைக் கருதலாம். பின்னர் உத்தரப் பிரதேச அணிக்குத் தலைமை தாங்கினார். 1956-57 பருவத்தில், 61 ஆம் வயதில், ரஞ்சிக் கோப்பை ஆட்டத்திலிருந்து விலகினார். அப்பருவத்தில் இராசத்தானுக்கு எதிராக 84 ஓட்டங்கள் எடுத்தபோது வினூ மன்கட்டின் பந்துகளைச் சிக்ஸர்களாக விளாசியது அவரோடு ஆடியவர்கள் மறவாமல் சொல்லும் செய்தி. 1963-64 இல் பாதுகாப்பு நிதிக்காக நாக்பூரில் நடந்த ஆட்டத்தில் மகாராட்டிர ஆளுநர் அணிக்காக, 68 வயதில், கடைசியாகக் களமிறங்கினார். பிறந்த ஊரிலேயே ஆட்ட வாழ்வு நிறைவுற்றது.

தேர்வுக் குழுத் தலைவராகவும் வாரியத்தின் துணைத் தலைவராகவும் பணியாற்றினார். வானொலி வருணனையும் செய்தார். 1941 இல் ஈரல் மருந்து ஒன்றின் விளம்பரத்தில் இவர் பெயர் இடம்பெற்றது. வணிகப் பொருள் ஒன்றுக்குத் தம் பெயரை வழங்கிய முதல் இந்தியத் துடுப்பாட்ட வீரர் இவர் என்பர். 1956 இல் இந்திய அரசு பத்ம பூஷண் விருது அளித்தது. துடுப்பாட்ட வீரர் ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதல்முறை.

1967 நவம்பர் 14 ஆம் நாள் இந்தூரில் காலமானார்.

ஆட்டக் கணக்கு

டெஸ்ட்: 7 போட்டிகள், 350 ஓட்டங்கள், சராசரி 25.00, கூடிய எண்ணிக்கை 81, விக்கெட்டுகள் 9.

முதல்தர ஆட்டங்கள்: 207 போட்டிகள், 11,825 ஓட்டங்கள், சராசரி 35.94, சதங்கள் 26, கூடிய எண்ணிக்கை 200, விக்கெட்டுகள் 411, பந்துவீச்சுச் சராசரி 29.28.

நினைவுகள்

வாழ்நாள் சாதனைக்காக இந்திய வாரியம் வழங்கும் விருதுக்கு நாயுடுவின் பெயரே சூட்டப்பட்டுள்ளது. 1994 இல் அதனை முதலில் பெற்றவர், பம்பாயில் இவரோடு இணைந்து நின்று சதமடித்த லாலா அமர்நாத். மாநில அணிகளுக்கிடையே இளையோருக்காக நடத்தப்படும் தொடரும் சி. கே. நாயுடு கோப்பை என்றே வழங்குகிறது. அதன் வயது வரம்பு அவ்வப்போது மாற்றப்பட்டு வந்துள்ளது. சேலம், நாமக்கல் பக்கத்து இளைஞன் ஒருவன் தமிழக அணியின் படிகளில் ஏறும்போது இப்பெயரை எதிர்கொள்வது அத்தொடரில்தான். அதற்குரியவர் யார் என்பதை அறியாமலே ஆடிவிட்டு வருவோரும் உண்டு.

மகள் சந்திரா நாயுடு ஆங்கிலப் பேராசிரியராகப் பணியாற்றியவர். இந்தியாவில் துடுப்பாட்ட வருணனை செய்த முதல் பெண்களுள் ஒருவர். தந்தையைப் பற்றி அவர் எழுதிய நினைவு நூல் 1995 இல் வெளிவந்தது. அவர் 2021 ஏப்ரலில் இந்தூரில் காலமானார்.